ஜெயராமன், சிதம்பரம் எஸ். (1917–1995)

தில்லைப் பதியில் பிறந்து, கர்நாடக சங்கீதத்தின் கம்பீரத்தைத் திரையிசைக்குள் சிதறாமல் கொண்டுவந்த சி. எஸ். ஜெயராமன், பின்னணிப் பாடகராகவும் சங்கீத டைரக்டராகவும் விளங்கியவர். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜி கணேசனுக்குக் குரல் தந்தார், ‘ரத்தக்கண்ணீர்’ (1954) பாடல்களுக்கு மெட்டமைத்தார். ஆயினும், ‘சம்பூர்ண ராமாயண’த்தில் (1958) டி. கே. பகவதி தாங்கிய இராவண வேஷத்துக்காக, இன்ன பாவத்துக்கு இன்ன ராகம் உரியது என்று ஒன்றன்பின் ஒன்றாக விஸ்தரித்துப் பாடிய கட்டத்தில், நாசியும் கண்டமும் கூடி எழுப்பும் அந்தக் கனத்த சாரீரம் காட்டிய கமக நயமே அவருடைய வித்வத்துக்குச் சிகரம் எனலாம். வெறும் இனிமையை மட்டும் நாடுவோர்க்கு அது சற்றுக் கரடுமுரடாகத் தோன்றலாம். ‘பராசக்தி’ முதலியவற்றின் இசைத்தட்டு உரிமை கொண்ட கிராமபோன் கம்பெனி, 2000-இல் ‘சரிகம’ என்னும் புது நாமம் பூண்டு, பழைய பதிவுகளைக் குறுந்தகட்டிலும் இணையத்திலும் மீண்டும் உலவவிட்டது.