எத்தனை இழை?

சுவரில் பதித்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அறுந்த கம்பிக்குப் பதில் புதிய இழையைச் சுற்றும் அப்பாக்களை நம் வீடுகள் நன்கறியும். ஒரு இழையா, இரண்டா? அந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

விளக்குக்கான பாதுகாப்புக் கம்பிக்கு எடிசன் காப்புரிமை பெற்றது 1880-இல். ஆனால் எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதைக் கணக்காக்கியவர் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ். 1880-களில் செம்பு, ஈயம், வெள்ளீயம், இரும்பு என விதவிதமான கம்பிகளை உருக்கி அளந்தார். உருக்கும் மின்னோட்டம், விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று கண்டார். அவர் கணக்கில் 1 மில்லிமீட்டர் செம்புக் கம்பி உருக ஏறத்தாழ 80 ஆம்பியர் வேண்டும்; அதே தடிமன் வெள்ளீயத்துக்கு 13 போதும். விட்டம் இரட்டித்தால் தாங்கும் மின்னோட்டம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய 2.8 மடங்காகிறது! அறுந்த கம்பிக்குப் பதில் கைக்குக் கிடைத்த தடித்த செம்பைச் சுற்றுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரிகிறது: ஃபியூஸ் அறுவதற்குள் சுவருக்குள்ளிருக்கும் வயர் பற்றிக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டன் வேறு வழி கண்டது. பல பிளக் பாயின்ட்டுகளை ஒரே வளையமாக இணைத்து, 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை மெயினில் வைத்தது. மெல்லிய விளக்கு வயரை அந்த 30 காக்காது. ஆகவே 1947-இன் தர நிர்ணயம், ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி ஃபியூஸைப் புகுத்தியது. மேசை விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13.