மன்னித்த இருவர்: கிளாடிஸ் ஸ்டெயின்ஸும் செல்மி பாலும்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் ஜெபக் கூட்டங்களில் பகைவரை நேசிப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு பெண்களின் பெயர்கள் அடிபடும். ஒருவர் ஒடிசாவின் பாரிபடாவில் வாழ்ந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். மற்றவர் கேரளத்து அருள்சகோதரி செல்மி பால். கொலைகாரர்களை மன்னித்தவர்கள் என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். அருகருகே வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான், முரட்டு மனிதர்களோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நம் மக்களுக்குத் தவறான புத்திமதி சொல்லி வருகிறோம் என்று நினைக்கிறேன்.

1999 ஜனவரி 22 நள்ளிரவு கடந்த வேளை. கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிளாடிஸின் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. பிள்ளைகளுக்கு வயது பத்து, ஆறு. கிரகாம் 1965 முதல் இந்தியாவில் இருந்தவர். பாரிபடா தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றியவர். அடக்க ஆராதனையில் கிளாடிஸும் பதின்மூன்று வயது மகள் எஸ்தரும் சேர்ந்து பாடினார்கள். கொன்றவர்கள்மேல் தனக்குக் கசப்பு இல்லை, மன்னித்துவிட்டேன் என்று அந்த நாட்களிலேயே கிளாடிஸ் சொன்னார். கொலையை விசாரித்த வாத்வா ஆணையத்தின் முன்னும் அதையே பதிவு செய்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குரிய தண்டனை வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். தண்டனை சட்டத்தின் வேலை என்று விட்டுவிட்டார். கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு 2003-இல் தூக்கு விதிக்கப்பட்டது. 2005-இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் ஆயுளையே உறுதி செய்தது. அதற்குள் கிளாடிஸ், கணவர் விட்டுச்சென்ற தொழுநோயாளர் பணியை ஐந்து ஆண்டுகள் நடத்திவிட்டு, 2004-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியிருந்தார்.

செல்மியின் அக்கா அருள்சகோதரி ராணி மரியா பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில், வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்த நிலமற்ற ஆதிவாசிகளைக் கூட்டுச் சேர்த்தார். அது சில பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்திருக்க, சமுந்தர் சிங் என்ற கூலியாள் அவரைக் குத்திக் கொன்றான். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில், தன்னை ஏவிவிட்டவர்களைப் பழிவாங்கும் வெறியில் கிடந்தவனைச் சுவாமி சதானந்த் என்ற குருவானவர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அவன் மனம் இளகிய பிறகே, 2002-இல், ரக்ஷாபந்தனை ஒட்டி, ராணி மரியாவின் தங்கை செல்மி இந்தூர் சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டித் தன் சகோதரனாக ஏற்றார். பிறகு குடும்பமும் திருச்சபையும் விடுதலை கேட்டு மனு கொடுக்க, 2006-இல் அவன் வெளியே வந்தான். பெற்ற மகளைக் குத்திய அந்தக் கைகளை ராணி மரியாவின் தாய் முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

கிளாடிஸின் மன்னிப்பு சில நாட்களில் வந்தது, உறவாக வளரவில்லை. செல்மியின் மன்னிப்பு சிறை வாசலை எட்ட ஏழு ஆண்டுகள் பிடித்தது. ஆனால் கொலையாளியைக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கிளாடிஸ் தண்டனையைச் சட்டத்திடம் விட்டார். செல்மியின் குடும்பம் அதே சட்டத்திடம் போய் இரக்கம் கேட்டது. இதில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சமுந்தர் சிங் உடைந்து அழுதவர். அவரைத் தேடிப் போக ஒரு வழி திறந்திருந்தது. கிளாடிஸுக்கு அப்படி ஒரு வழி அப்போது திறக்கவில்லை. எதிரில் இருப்பவர் திரும்பி வராதவரை மன்னிப்பு ஒருதலையாகத்தான் நிற்கும். அதற்காக அதன் நிறை குறைந்துபோவதில்லை. உங்களால் கூடிய மட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்ற பொருளில் ரோமருக்கு எழுதிய பவுலும், எல்லாம் நம் ஒருவர் கையில் இல்லை என்பதை அறிந்தேதான் எழுதினார்.

இரு பெண்களும் ஒரு விஷயத்தில் மட்டும் துளியும் மாறுபடவில்லை. நடந்தது கொலை என்பதை அவர்கள் மழுப்பவில்லை. ஏதோ கோபத்தில் செய்துவிட்டான், போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. சமுந்தர் சிங் சிறையில் பதினோரு ஆண்டுகள் இருந்த பிறகுதான் வெளியே வந்தார்.

நம் சபைகளில் நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் வந்து அழுதால், உடனே செல்மியின் கதையைச் சொல்கிறோம். பொறுத்துப் போ, அன்பால் ஜெயி, அவனுக்காக ஜெபி என்கிறோம். இப்போதும் கை ஓங்கிக்கொண்டிருப்பவனை, கம்பிக்குப் பின்னால் மனம் உடைந்து உட்கார்ந்திருந்த ஒருவனோடு ஒப்பிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அங்கே சொல்ல வேண்டியது கிளாடிஸின் வழி: மனத்தில் வன்மம் வேண்டாம், ஆனால் சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். மறுபக்கம், பாடகர் குழுவில் முதல் வரிசை கிடைக்காததற்காகவோ, திருவிழாக் கணக்கைக் கேள்வி கேட்டதற்காகவோ வருடக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பவர்கள், “அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன், ஆனால் பேச்சுவார்த்தை வேண்டாம்” என்கிறார்கள். கிளாடிஸ் பெருந்துயரில் எடுத்த நிலையை இவர்கள் சின்னச் சண்டைக்குச் சாக்காக்குகிறார்கள். இங்கேதான் செல்மியைப் போல எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வழியும் அதுதான்: முதலில் தனியே போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப் போ. அப்புறம்தான் சபை.

பெங்களூரு கத்தோலிக்கருக்கு இது தள்ளி நின்று பேசும் விஷயம் அல்ல. திருப்பலி கன்னடத்திலா தமிழிலா என்ற சண்டை இந்த மறைமாவட்டத்தைப் பல பத்தாண்டுகளாக அரித்து வந்தது. ஒரே நற்கருணையை வாங்குபவர்கள் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்த்தார்கள். 2013-இல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, மல்லேஸ்வரம் தூய பேதுரு குருமடத்தின் அதிபர் தந்தை கே. ஜே. தாமஸ் குருமடத்துக்குள்ளேயே கொலையுண்டு கிடந்தார். அந்தக் கொலையையும் இந்த மொழிப் பகையோடு சேர்த்தே பேசினார்கள். அடுத்த ஆண்டு போலீசார் கைது செய்தவர்களில் குருக்களும் இருந்தார்கள். யார் குற்றவாளி என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. மொழியை முன்னிட்டு மூஞ்சி திருப்பிக்கொண்ட ஒவ்வொரு ஞாயிறும் நாம் போய்ப் பேசியிருக்க வேண்டிய நாள். தமிழராகிய நாம் நம் உரிமையைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கன்னடம் பேசும் பங்கு மக்களின் வீட்டுக் கதவைத் தட்டியபடியே அதைக் கேட்டிருக்கலாம்.

மீண்டும் அந்த அடிபடும் பெண்ணுக்கு வருகிறேன். அவளுக்கு ஆலோசனை சொல்ல உட்காரும் மூத்தவர்கள், செல்மி போனது காவல் உள்ள சிறைக்குள்தான் என்பதை மறக்கக் கூடாது. வசனத்தை எடுப்பதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இன்றிரவு நீயும் பிள்ளைகளும் எங்கே தங்கப் போகிறீர்கள்?