அக்குறணைப் பிள்ளையும் ஆங்கிலப் பாடமும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அக்குறணை என்னும் ஊர் வரும். பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் கடைவீதி வெள்ளக்காடாகும்; வெள்ளம் வடிந்ததும் வியாபாரம் மீண்டும் தொடங்கும். வீட்டில் தமிழ், வீதியில் சிங்களம், ஓதற் பள்ளியில் அறபு என மூன்று மொழிகள் இவ்வூர் முஸ்லிம் பிள்ளையின் காதில் இளமையிலேயே விழுகின்றன. அத்தகைய பிள்ளைக்கு நான்காவதாகிய ஆங்கிலம் மட்டும் மலையாய் நிற்பதேன்? விடை காணக் கண்டிச் சீமையின் கல்வி வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, இலங்கையில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கிறித்தவ மிஷன்களின் கையிலிருந்தன. பிள்ளை ஆங்கிலம் கற்று வருவான், ஆனால் மார்க்கத்தை விட்டுவிடுவான் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. மதமாற்றம் மிஷன்களின் நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் அதன் விலையைச் சமூகமே கொடுத்தது. அரசாங்க உத்தியோகத்திலும் நீதிமன்றங்களிலும் முஸ்லிம்கள் மிக அருகியே காணப்பட்டனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் 1838இல் கண்டியில் பிறந்த முகம்மது காசிம் சித்தி லெப்பை. அவர் தொழிலால் நியாயவாதி. ஆங்கிலம் ஒருவனுக்கு எதைத் திறந்துவிடும் என்பதை நீதிமன்றத்திலேயே கண்டவர். 1882 டிசம்பரில் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை ஆங்கிலக் கல்வியின் தேவையை ஓயாது வற்புறுத்தியது. எம்மொழியில் வற்புறுத்தியது என்பதே கவனிக்கத்தக்கது: தமிழில். எகிப்திலிருந்து 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷாவும் அவர் முயற்சிக்குத் துணைநின்றார். 1884இல் கொழும்பிலே முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. 1891இல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று தோன்றியது. குர்ஆனும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் அமரலாம் என்று கண்டபோது பெற்றோரின் அச்சம் தளரத் தொடங்கியது. பாடப்புத்தகத்தை மாற்றுவதற்கு முன் அச்சத்தை அகற்றவேண்டும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

வியப்பு யாதெனின், இதே உண்மையை மறுபக்கத்திலிருந்து கண்டவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபர் பிரேசர் பாதிரியார். 1904இல் பொறுப்பேற்ற அவர், ஆங்கிலமே கோலோச்சிய அக்கல்லூரியில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடமளித்தார். தாய்மொழியில் வேரூன்றாத கல்வி நிலைக்காது என்பது அவர் கொள்கை.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது, தாய்மொழி போதனாமொழியாயிற்று. ஆங்கிலம் செல்வர் வீட்டுச் சொத்தாயிராமல் கிராமப் பாடசாலைகளுக்கும் ஒரு பாடமாக வந்துசேர்ந்தது. பாடம் வந்தது; தகுந்த ஆசிரியர் வேண்டிய அளவு வரவில்லை. வந்தவருட் பலர் இலக்கண விதிகளைக் கரும்பலகையில் எழுதினர். பிள்ளைகள் கொப்பியில் எழுதினர். பத்து வருடம் ஆங்கிலம் படித்தும், கடைக்கு வந்த பிறநாட்டார் ஒருவருக்கு விலை சொல்லக் கூசும் இளைஞர் இவ்வாறுதான் உருவாயினர்.

இங்கே அக்குறணைப் பிள்ளையின் கைப்பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அறபு நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தை நாவின் நுனி பற்களுக்கிடையே படும்படி ஒலிக்க ஓதற் பள்ளியில் கற்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மூன்று’ என்னும் எண்ணுக்குரிய சொல்லின் முதலொலி அதுவே. ‘ஃபஜ்ர்’ தொழுகையின் பெயரைச் செம்மையாகச் சொல்லும் பிள்ளைக்கு, தமிழில் இயல்பாக இல்லாத மற்றோர் ஆங்கில ஒலியும் கைவந்திருக்கிறது. சிங்களத்தில் யானையைக் குறிக்கும் சொல்லின் முதல் உயிரொலி நம் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது. பூனைக்குரிய ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருப்பதும் அதுவே. தமிழ்ப் பிள்ளைகளைத் தடுமாறச் செய்யும் ‘த’ என்னும் ஆங்கிலச் சுட்டைக்கூட, அறபுப் பெயர்களின் முன்வரும் ‘அல்’ என்பதைக் காட்டி விளக்கத் தொடங்கலாம். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகா என்பது உண்மையே. தொடக்கத்துக்கு அது போதும். பிள்ளையின் வாயிலே ஏற்கெனவே உள்ள ஒலிகளைப் புதியனவென்று மிரட்டிக் கற்பிப்பது வீண் வேலை.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டனை என்னும் பழைய வழக்கமும் இவ்வாறே ஆராயத்தக்கது. யாழ்ப்பாணத்து வகுப்பறைகளைக் கூர்ந்து நோக்கிய அறிஞர் சுரேஷ் கனகராஜா, ஆசிரியரும் மாணவரும் தமிழைக் கலந்து பேசுவது பாடத்துக்குத் துணையாவதை எடுத்துக்காட்டினார். அவரது நூல் 1999இல் வெளிவந்தது. கராம்பு, சாதிக்காய், மிளகு எனப் பிள்ளை அறிந்த பொருள்களின் நிறையையும் விலையையும் முதலில் தமிழில் பேசவிட்டு, பின் இருவர் இருவராக வாங்குவோரும் விற்போருமாய் ஆங்கிலத்தில் நடிக்கச் செய்தால் வகுப்பு தானே வாய் திறக்கும். தவறுகளை இடையில் புகுந்து திருத்தாமல், பேச்சு முடிந்தபின் இரண்டொன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது நலம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மாத இறுதியில் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. நாட்டில் முதன்முதலாக அவ்வாறு அடைக்கப்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஒரு தொலைபேசி, அதற்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்ற நிலை நாட்டிற் பல வீடுகளில். அங்கே ஒருமணி நேரக் காணொளி விரிவுரை பயன்படவில்லை; ‘டேட்டா’ தீர்ந்ததுதான் மிச்சம். ஒரு நிமிடக் குரற்பதிவே எளிதாயிருந்தது. ஆசிரியர் ஒரு பந்தியை வாசித்து அனுப்புவார். பிள்ளை தனக்கு வாய்த்த வேளையில் கேட்டு, தன் குரலில் வாசித்துத் திருப்பி அனுப்பும். நாற்பது பேர் முன் எழுந்து நின்றால் நா எழாத பிள்ளை, அறையின் மூலையிலிருந்து ஒருமுறை பதிவுசெய்து அழித்து, மறுமுறை பதிவுசெய்து அழித்து, மூன்றாவதை ஆசிரியருக்கு அனுப்பலாம். அழித்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.