பவளம் கொடுத்து வைரம் வாங்கியவர்கள்

லாயிட்ஸ் சாலை என்று முதியோரும், அவ்வை சண்முகம் சாலை என்று பெயர்ப்பலகையும் கூறும் வீதியில், மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், யூதர்களின் சிறியதோர் இடுகாடு உண்டு. அங்குள்ள கற்களுள் மிகப் பழையவை அவ்விடத்திலேயே நாட்டப்பெற்றவையல்ல. பெத்துநாயக்கன்பேட்டையில் தங்கசாலைத் தெருப் பக்கமிருந்த ஆதி மயானத்திலிருந்து, நகரம் பெருகி நெருக்கியபோது பெயர்த்துக் கொணரப்பெற்றவை. கோட்டையின் ஆரம்ப காலத்தில் பெருஞ்செல்வத்தோடு வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அந்தக் கற்களையும், முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெரு என்ற பெயரையும் தவிர வேறு ஞாபகார்த்தம் இந்நகரில் அநேகமாக இல்லை.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்தவர்கள் பெரும்பாலும் போர்த்துகீசிய யூதர்கள். மதவிசாரணைக்கு அஞ்சித் தாயகம் துறந்து ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் இத்தாலியின் லிவோர்னோவிலும் குடியேறிய குடும்பத்தினர். 1560-லேயே கோவாவில் விசாரணை மன்றம் ஏற்பட்டுவிட்டபடியால், போர்த்துகீசியர் ஊன்றியிருந்த சாந்தோமைக் காட்டிலும் ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டை நிழலே அவர்களுக்கு அபயஸ்தானமாயிற்று. மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் லிவோர்னோவில் கடைந்து மெருகேற்றப்பெற்று, லண்டன் வழியாகக் கம்பெனியின் அநுமதியோடு சென்னைக்கு வரும். இங்கே அது விற்ற பணம் கோல்கொண்டா வைரமாக மாறிக் கப்பலேறித் திரும்பும். 1688-ல் சென்னை நகரசபை பிறந்தபோது, அதன் பன்னிரண்டு ஆல்டர்மன்களில் பர்த்தலோமியு ரொட்ரிகேஸ், டொமிங்கோ டோ போர்த்தோ, அல்வாரோ ட ஃபொன்சேகா என்ற மூன்று யூத வணிகர்கள் அமர்ந்தார்கள். லண்டன் மாநகரசபையிலோ 1847-ல்தான் ஒரு யூதர் அப்பதவியில் அமர முடிந்தது.

சென்னைக்கு வந்த யூத வணிகர்களுள் அதிகம் பேசப்பட்டவர், நகரசபை தொடங்குவதற்கு முன்பே 1687-ல் காலமான ஜாக் தெ பைவா. வைரச் சுரங்கங்களை நாடிப் போன யாத்திரையில் நோயுற்று உயிர் துறந்தவர். அவருடைய விதவை ஹிரோனிமா, கவர்னர் எலிஹு யேலின் வீட்டில் வாசம் செய்யத் தொடங்கியது அன்றைய கோட்டையில் பெரிய வம்பாயிற்று. அந்த யேல்தான் 1718-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பித் தம் பெயரை நிலைநாட்டிக்கொண்டவர். அக்கல்லூரியின் முத்திரையில் எபிரேய எழுத்துக்கள் காணப்படுவது கண்டு யாரும் ஹிரோனிமாவை நினைக்க வேண்டியதில்லை. அது பியூரிட்டன் பாதிரிமாரின் வேதப் பயிற்சி.

இதே போர்த்துகீசிய யூத மரபினர் அமெரிக்காவில் கண்ட கதி வேறு. பிரேசிலின் ரெசீஃபிலிருந்து 1654-ல் நியூயார்க்கை அடைந்த 23 பேர், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் போக்கிடமற்று வந்தவர்கள். அவர்கள் வழி வந்த ஷெயரித் இஸ்ரேல் சபை 1730-ல் தொழுகைக்கூடம் கட்டி, இன்றளவும் நடந்து வருகிறது. பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொதுத் தொழுகை இல்லை என்பது யூத மரபு. மடியில் வைரத்தோடு லண்டனுக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நம்மூர் வணிகர்களிடையே அந்தப் பத்துப் பேர் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்க வழியேது? ஆனால் இங்கு அவர்கள் சுவடு மறைந்ததற்கு ஜனம் குறைந்தது ஒன்றே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ரோட் தீவின் நியூபோர்ட்டில் 1763-ல் எழுந்த ஆலயமும் சுதந்திர யுத்தத்துக்குப் பின் ஆளற்றுப் பூட்டப்பட்டதுதான். ஆயினும் அதன் முதல் குருவின் மகன் ஆபிரகாம் டூரோ, 1822-ல் இறக்கும்போது பத்தாயிரம் டாலரை அதன் பராமரிப்புக்கென எழுதிவைத்தார். விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் கட்டளை எழுதிவைத்துப் பழகிய மயிலாப்பூர்வாசிகளுக்கு அந்த உயிலின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சென்னையில் அத்தகைய கட்டளை இருந்திருந்தால் தங்கசாலைக் கற்கள் இடம் பெயர்ந்திரா.

1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கத் தொடங்கியதும் கோல்கொண்டாவின் மவுசு இறங்கிற்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும் வியாபாரத்துக்கு நல்லதாயில்லை. எஞ்சியோர் சிலரே. அவர்கள் நீங்கிய பவளக்காரத் தெருவில் பிற்காலத்தில் நகரத்தார் வந்து ஊன்றினார்கள்; அவர்களும் கடல் கடந்து பொருள் தேடியவர்களே, ஆனால் கொண்டு விற்கப் போன ஊரிலெல்லாம் கிட்டங்கியோடு கோயிலையும் எழுப்பி, அதற்கு வருமானமும் ஏற்படுத்திவிட்டே கணக்கைத் திறந்தவர்கள்.