கொல்லி மலையும் சிகாகோ நூலகமும்

சங்கப் பாடல்களில் ஒலிக்கும் மலைப் பெயர்களுள் இன்றும் அப்பெயராலேயே மக்கள் நாவில் வழங்குவது கொல்லி. குண்டனி நாடு முதலிய பல நாடுகளாகப் பகுத்து வழங்கப்பெறும் இம்மலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு உரியதாக இருந்தது. அவன் எய்த அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்ற திறத்தை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடினார். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாடல் கூறும். குறுந்தொகையில் பரணரும் (89) கபிலரும் (100) கொல்லிப் பாவையைத் தலைவிக்கு உவமையாக்கினர்.

இப்பாடல்கள் நம் கைக்கு எளிதில் வந்து சேர்ந்தவை அல்ல. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் வரைந்த பழைய உரை மறைந்து போயிற்று. 1915ஆம் ஆண்டில் சௌரிப்பெருமாள் அரங்கனார் தம் உரையுடன் அந்நூலை முதன்முதலாக அச்சேற்றினார். 1937இல் உ. வே. சாமிநாதையர் தமது எண்பத்திரண்டாம் வயதில் ஆராய்ச்சிப் பதிப்பொன்றை விரிவான உரையுடன் வெளியிட்டார். அவ்வுரையின் பயன் தமிழகத்தோடு நின்றுவிடவில்லை.

மைசூரில் 1929இல் பிறந்த ஏ. கே. இராமானுசன் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வளர்ந்தவர். ஆயினும் பழந்தமிழைப் பயின்றவரல்லர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழுக்குரிய எளிய இலக்கண நூலொன்றைத் தேடியபோது, உ. வே. சா.வின் குறுந்தொகைப் பதிப்பு அவர் கண்ணிற் பட்டது. உரைநடை விளக்கம் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. அதன் துணையால் மூலமும் திறந்தது. அத்தேடலின் விளைவாக 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும், 1985இல் அகமும் புறமும் அடங்கிய பெருந்தொகுப்பும் வெளிவந்தன. பிறமொழியினர் பலர் சங்கக் கவிதையை முதன்முதலாகச் சுவைக்க அவை வாயிலாயின.

இந்நிகழ்ச்சியோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது ஐசுலாந்தின் சாகாக் கதைகளின் வரலாறு. அந்நாட்டில் முதன்முதற் குடியேறிய குடும்பங்களின் பகையையும் மானத்தையும் பாடும் அக்கதைகள், பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறின. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியவில்லை. உழவர் வீடுகளில் கையெழுத்துப் படிகளாகப் பயிலப்பெற்ற அவற்றை ஆர்னி மாக்னுசன் திரட்டினார். 1728ஆம் ஆண்டுக் கோபன்கேகன் தீயில் அவர் நூலகத்தின் ஒரு பகுதி அழிந்தது. ஐசுலாந்துச் சுவடிகளுள் முதற்பகுதி 1971இல் தாயகம் திரும்பியபோது மக்கள் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றனர். வில்லியம் மாரிசு என்னும் ஆங்கிலக் கவிஞர், ஐசுலாந்து அறிஞர் ஒருவரோடு சேர்ந்து 1869இல் கிரெட்டிர் கதையை மொழிபெயர்த்தார். பின் 1871இல் அக்கதை நிகழ்ந்த நிலத்தையே நேரிற் காணச் சென்றார்.

இருவகை இலக்கியத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஐசுலாந்து மொழி மிகுதியும் மாறாமையால் அந்நாட்டார் பழங்கதையைச் சிறு துணையுடன் இன்றும் படித்துவிடுவர். நமக்கோ உரையாசிரியர் இன்றியமையாதவர். குறுந்தொகையின் பழைய உரை அழிந்தபின் புதிய உரை எழுந்திராவிடின், சிகாகோவில் அந்நூல் கிடைத்தும் பயன் விளைந்திராது. மரபு பிறப்பினால் மட்டும் வருவதன்று. உழைத்துப் பெற வேண்டியது என்பதே இராமானுசன் வரலாறு உணர்த்தும் பாடம்.

ஆடித் திங்களில் கொல்லியில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகிறது. சிலையும் விழாவும் பெயரைக் காக்கும். பாடலின் பொருளைக் காப்பது படிப்பு ஒன்றே. கடல் கடந்த நூலகத்தில் கொல்லிப் பாவையைக் காண ஒருவர்க்கு இயன்றதெனின், அப்பாவை நின்றதாகப் பாடப்பெற்ற மலையிலேயே வாழும் குண்டனி நாட்டு இளைஞர்க்கு அப்பாடல்கள் எட்டாதிருத்தல் முறையன்று. எளிய உரையுடன் கூடிய கொல்லிப் பாடல்களின் சிறு தொகுப்பொன்று அம்மலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் இடம்பெறுமாறு செய்வது தமிழன்பர் கடமையாகும்.