பெங்களூரா பிறந்த ஊர்

கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்கு மாம்பழத்துக்குப் பெங்களூரா என்றும் பெயர் உண்டு. அதை வைத்துப் பெங்களூருவே அதன் பிறப்பிடம் என்று முடிவுகட்டுவது அவசரம். கன்னடர்கள் அதைக் கிணிமூத்தி என்கிறார்கள். இந்தி வழி வந்த தோத்தாபுரி என்ற அதன் இன்னொரு பெயரிலும் இருப்பது கிளிதான். மரத்தோடு வாழ்கிறவர்கள் பெரும்பாலும் காயின் வடிவத்தைப் பார்த்தே பெயரிடுகிறார்கள். ஸ்பெயினின் பிக்குவால் ஆலிவும் தன் கூரிய நுனியால் பெயர் பெற்றதே. ஊர்ப்பெயர் ஒட்டுவது பழம் வெளியூர் போன பிறகுதான்.

அதே ஸ்பெயினில் அர்பெக்கினா ஆலிவ் அர்பெக்கா என்ற ஊரின் பெயரைத் தாங்குகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மரத்தையும் ஒரு பிரபு கடல்கடந்து கொண்டுவந்தார் என்றே அங்கு வழிவழியாகச் சொல்கிறார்கள். ஊர்ப்பெயர் வந்த வழிக்குச் சான்று, பிறப்புக்கு அல்ல. மாவில் இது இன்னும் தெளிவு: இந்த ரகத்தின் கொட்டையில் முளைக்கும் கன்று தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்காது, ஒட்டுக்கன்றுதான் வேண்டும். கன்று எந்தத் திசையிலிருந்து வந்ததோ, எந்தச் சந்தையில் பழம் விலைபோனதோ, அந்த ஊர் பெயரில் தங்கியிருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைவதற்கு முன்பே இப்பக்கத்து விளைச்சலுக்கு அது பக்கத்துப் பெருஞ்சந்தை.