விண்வெளிச் சூரிய மின்நிலையமும் தொழிலாளர் பாதுகாப்பும்

விண்வெளியில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, நுண்ணலையாகப் பூமிக்கு அனுப்பலாம் என்று 1968இல் பீட்டர் கிளேசர் முன்மொழிந்தார். அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 1977 முதல் 1980 வரை இதை ஆராய்ந்தன. சுமார் 35,800 கி.மீ. உயரத்தில், ஒவ்வொன்றும் 5,000 மெகாவாட் தரும் 60 செயற்கைக்கோள்கள் என்பது மாதிரித் திட்டம்.

அவற்றைப் பொருத்த நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். நுண்ணலையால் பூமியில் உள்ளோருக்கு என்ன ஆகும் என்றே பலரும் கேட்டனர். மேலே வேலை செய்வோருக்கோ கதிர்வீச்சே பெரிய ஆபத்து. அவ்வுயரத்தில் புவிக் காந்தப்புலத்தின் காப்பு மிகக் குறைவு. 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16, 17 பயணங்களுக்கு இடையே, கடும் சூரியப் புயல் வீசியது. அப்போது விண்வெளியில் மனிதர் எவரும் இல்லாதது நல்வாய்ப்பே. கட்டுமானத் தளத்தில் இருப்போர் அத்தகைய புயலின்போது ஒதுங்கத் தடித்த சுவருடைய காப்பறை வேண்டும். எடையற்ற நிலையில் எலும்பு தேய்வது தனிச் சிக்கல்.

1980க்குப் பின் திட்டம் தொடரவில்லை. பிற்கால வடிவமைப்புகள் பலவும் இப்பணியை ரோபோக்களிடமே விடுகின்றன.